மெயின் சுவிட்சைப் பற்றி நான் சொல்லாதது

ஏழுமலை என்ற ஆபரேட்டரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்தேன். பிறகு, சொன்னேன் என்று பொய் சொன்னேன். மறதியை யாரும் மன்னித்துவிடலாம். பொய்யை நான் தெரிந்தே சொன்னேன். அதனால் அவருக்கு வேலை போயிற்று. வேலையோடு இன்னொன்றும் போயிற்று என்பது, நான் ஓய்வு பெற்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஏசி தொழிலில் இருப்பவர்கள் ஒரு மலர் போடப்போகிறார்களாம். "சார், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஸ்டார்ட்-அப் ஒண்ணு எழுதுங்க" என்று கேட்டார்கள். புது மெஷினை முதல் முதலாக ஓட வைப்பதைத்தான் ஸ்டார்ட்-அப் என்போம். பெரிய மருத்துவமனை, மென்பொருள் அலுவலகம் என்று எதையாவது எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு மறக்க முடியாதது திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் இருந்த ஒரு ஜவுளிக்கடையின் மொட்டை மாடிதான்.

நான் செங்கத்துக்காரன். அப்பாவுக்கு மளிகைக் கடை. என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். சென்னையில் ஒரு ஏர்கண்டிஷன் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் குழாய் பற்றவைப்பதிலும் கேஸ் நிரப்புவதிலும் மேலதிகாரிகளிடம் திட்டு வாங்குவதிலும் போயின. அதன் பிறகு பலராமன் சாரிடம் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் வேலை என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன்.

பலராமன் சார் வேலூர்க்காரர். கொளுத்தும் வெயிலில் மொட்டை மாடிக்கு வரும்போதும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் வருவார். இறங்கும்போதும் அதில் கறை இருக்காது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனைப் பார்த்து, "டீ குடிச்சியா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நாங்கள் நடுங்குவோம். குடித்தேன் என்றால், "அப்ப மயக்கத்துல பண்ணல. தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே" என்பார்.

மாடியில் வைக்கிற ஏசி என்பது ஒரு பெரிய தகரப்பெட்டி. கம்ப்ரசர், மின்விசிறி, கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். குளிர்ந்த காற்று தகரக் குழாய் வழியாகக் கீழே கடைக்குள் இறங்கும். அதை முதல் முதலாக ஓட வைப்பதற்குச் சார் ஒரு முறை வைத்திருந்தார். முதல் நாள் கரண்ட் மட்டும் கொடுக்க வேண்டும். எதையும் ஓட்டக் கூடாது. கம்ப்ரசரின் அடியில் ஒரு ஹீட்டர் பட்டை சுற்றியிருக்கும். அது ஒரு முழு நாள் எரிந்து, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சூடாக வைக்க வேண்டும். எண்ணெய் குளிர்ந்து கிடந்தால் குளிரூட்டும் கேஸ் அதில் போய்க் கரைந்துவிடும். அந்த நிலையில் ஓட்டினால் எண்ணெய் நுரைத்துப்போய், உராயும் இடங்களுக்குப் போய்ச் சேராது. கம்ப்ரசர் தன்னைத்தானே தின்றுவிடும்.

மறுநாள் சார் வருவார். பெட்டியின் கதவைத் திறந்து, புறங்கையைக் கம்ப்ரசரின் அடிவயிற்றில் வைப்பார். காய்ச்சல் பார்க்கும் அம்மாவைப் போல இருக்கும். ஒரே வித்தியாசம், இங்கே சூடு இருந்தால்தான் பிள்ளை நலம். பிறகு விசிறியை மட்டும் ஓட்டுவார். நேராகச் சுற்றுகிறதா என்று பார்த்து, ஒரு காகிதத் துண்டைக் காற்றில் பிடித்துக் காட்டுவார். திரையில் உள்வெப்பம், வெளிவெப்பம், குழாயில் போகும் காற்றின் வெப்பம் ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்வார். "ஸ்கிரீன்ல வர்றது அதோட அபிப்பிராயம். உன் கையையும் ஒரு வார்த்தை கேளு." அதற்குப் பிறகுதான் முதல் கம்ப்ரசரை விடுவார். உறிஞ்சும் குழாய் குளிர்ந்து வியர்க்கும் வரை அருகிலேயே நிற்பார். அது வியர்த்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்க்க நாங்கள் காத்திருப்போம்.

அந்த ஜவுளிக்கடைக்கு மூன்று பெட்டிகள். அதற்குக் கடை முதலாளி நியமித்த ஆபரேட்டர்தான் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். மணிலாக் கொட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மெஷின் ஓட்டியவர். என் வயதுதான் இருக்கும். தோளில் எப்போதும் ஒரு துண்டு. முதல் சந்திப்பிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், இது அக்னி ஸ்தலம். சாமியே நெருப்பா நிக்கிற ஊரு. இங்க வந்து குளிர் விக்கிறீங்களே!"

"முதலாளி கேட்டாரு, விக்கிறோம்."

"வித்துட்டுப் போங்க. அண்ணாமலையாரு கோச்சிக்காத அளவுக்கு, கம்மியா வையுங்க."

பெட்டிகள் ஓடத் தொடங்கியதும் மூன்றுக்கும் அவரே பெயர் வைத்துவிட்டார். மூத்த மருமக, நடு மருமக, மாமியா. மூன்றாவது பெட்டி கிளம்பும்போது ஒரு முனகல் முனகும். அதனால் அது மாமியார். ஊரில் தன்னை 'ஆபரேட்டர்' என்று கூப்பிடுகிறார்கள் என்பதில் அவருக்குச் சொல்ல முடியாத பெருமை. "எங்க அப்பன் ஏர் ஓட்னான். நான் ஏசி ஓட்றேன்" என்பார்.

சித்திரை மாதத்தில் திறப்பு விழா. பலராமன் சார் வேறொரு வேலைக்குப் போயிருந்ததால் நான் மட்டும் வந்திருந்தேன். முந்தின நாளே கரண்ட் கொடுத்து, எண்ணெய் சூடாகியிருந்தது. சார் செய்வது போலவே புறங்கையை வைத்துப் பார்த்தேன். நல்ல நேரத்தில் முதலாளி தேங்காய் உடைத்தார். நான் ஓட்டினேன். குழாய் வியர்த்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஆள் ஓடி வந்தான். கடைக்குள் அனல் அடிக்கிறதாம். திரையைப் பார்த்தேன். உச்சி வெயிலில் நின்றுகொண்டிருக்கிறேன். வெளியே இதமாக இருப்பதாக அது சொல்கிறது. வெளியே குளிர்ச்சியாக இருந்தால் வெளிக்காற்றையே உள்ளே விட்டுக்கொள்ளும்படி அந்தக் கட்டுப்பாட்டுப் பலகை அமைக்கப்பட்டிருந்தது. அதை நம்பி, காற்றுக் கதவை அகலத் திறந்து, சித்திரை வெயிலை அப்படியே கடைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. வயரைச் சோதித்தேன், பலகையைச் சோதித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வெளிவெப்பம் பார்க்கும் சென்சாரைத் தேடிப் போனால், அதன் தலையில் கொழகொழவென்று ஈரச் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. ஈரம் காயக் காய அது குளிர்ந்துகொண்டிருந்தது.

"யார் வெச்சது?"

"நாந்தான் சார்" என்றார் ஏழுமலை. "மெஷினுக்கு எல்லா இடத்துலயும் வெச்சேன். இது தனியா நீட்டிக்கினு இருந்துச்சி. மூக்கு போலன்னு அதுக்கும் வெச்சேன்."

"மூக்குல சந்தனத்தை அடைச்சா எப்படி மூச்சு விடும்?"

"எனக்கு இன்னா தெரியும்? கண்ணாலத்துக்கு வந்தா மூக்கு முழி எல்லாத்துக்கும் அலங்காரம் பண்றது தானே!"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துடைத்துக் காயவைத்து, எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கீழே விருந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கோ சென்னை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவசர அவசரமாக ஏழுமலைக்குச் சொல்லிக்கொடுத்தேன். எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, வடிகட்டியை எப்போது கழுவுவது, சிவப்பு விளக்கு எரிந்தால் யாருக்குப் போன் செய்வது. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஒரு சொல் பிசகவில்லை.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. ராத்திரி கடை மூடும்போது மாடிக்குப் போகும் மெயின் சுவிட்சை இறக்கக் கூடாது. இறக்கினால் ஹீட்டர் அணைந்துவிடும்.

இது எனக்குத் தோன்றாமல் போனதற்கு நியாயமே இல்லை. நான் கடைக்காரர் மகன். எங்கள் அப்பா தினமும் கல்லாவுக்குக் கற்பூரம் காட்டி, மெயினை இறக்கி, பூட்டைப் பூட்டி, அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, பூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மெயினை இறக்காவிட்டால் கடை மூடியதாகவே எங்கள் ஊர்ப்பக்கம் அர்த்தமில்லை. ஷார்ட் சர்க்யூட்டாகி ஜவுளி எரிந்துபோகும் என்ற பயம் வேறு. சென்னையிலேயே இருந்து இருந்து எனக்கு அது மறந்துவிட்டது. பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிப்போய்விட்டேன்.

கோடை முழுவதும் ஒன்றும் ஆகவில்லை. மாடி ராத்திரியிலும் கொதித்ததால் எண்ணெய் தானாகவே சூடாக இருந்தது. கார்த்திகை வந்தது. மழை, ஈரக் காற்று, மலையிலிருந்து இறங்கும் குளிர். தீபத்துக்கு முந்தைய வாரம், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், காலையில் கிளப்பியபோது 'மாமியார்' ஒரு தரம் உறுமிவிட்டு நின்றுபோனாள். பிறகு எழவில்லை.

இந்த முறை பலராமன் சாரும் வந்தார். தூறிக்கொண்டிருந்தது. மலை பாதிவரைதான் தெரிந்தது. அன்று இன்னும் கிளப்பாமல் இருந்த அடுத்த பெட்டியைத் திறந்து, கம்ப்ரசரின் அடியில் புறங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"ஜில்லுனு இருக்கு. ராத்திரி மெயின் ஆஃப் ஆச்சா?"

"டெய்லி எறக்குறனே சார்" என்றார் ஏழுமலை. அவர் குரலில் ஒரு பொறுப்பான வேலைக்காரனின் நிம்மதி இருந்தது. "கடை மூடுனா மெயின எறக்காம எவன் போவான்? நான் ஒரு நாள் கூட மறந்ததில்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். சார் என் பக்கம் திரும்பினார். "இவர்கிட்ட சொன்னியாப்பா?"

கேள்வி அவ்வளவுதான். டீ குடித்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். அதைப் பற்றி அந்தக் கணத்தில் யோசித்தேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். யோசித்தேன். அதைவிட, சாரின் முகத்தில் என்னைப் பற்றிய எண்ணம் மாறுவதை என்னால் பார்க்க முடியாது என்றுதான் அதிகம் யோசித்தேன்.

"சொன்னேன் சார்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். 'இல்லையே' என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டதுண்டு. அவர் நெற்றியைச் சுருக்கி, எங்கோ தேடுவது போல நின்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார் சொல்லியிருப்பாரு. படிச்சவரு சொல்லாமயா போவாரு? எம் மண்டையிலதான் நிக்கில போல. அன்னிக்கு ஒரே கூட்டம்... சந்தனம் வேற... என் தப்புதான் மொதலாளி."

முதலாளி கத்தினார். பலராமன் சார், "ஒரு தடவை மன்னிங்க, நல்ல ஆளு" என்று எடுத்துச் சொன்னார். முதலாளி கேட்கவில்லை. "இத்தனை பெரிய சாமான மறதிக்காரன் கையில குடுத்துட்டு நான் எப்படித் தூங்குறது?" என்றார். ஏழுமலை சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "மன்னிச்சிக்கங்க சார். என்னால உங்களுக்குக் கெட்ட பேரு" என்றார்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அதற்குப் பிறகு நான் போன கட்டடம் ஒவ்வொன்றிலும், மெயின் சுவிட்சின் மேல் சிவப்புப் பெயின்டால் 'இதை இறக்காதீர்கள்' என்று எழுதவைத்தேன். ஆளைப் பிடித்து நிறுத்தி, கையைச் சுவிட்சில் வைக்கச் சொல்லி, வாயால் சொல்ல வைப்பேன். என் கீழ் வேலை செய்தவர்கள் அதற்கு 'சார் குடுக்குற பிரசாதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பலராமன் சார்கூட ஒருமுறை, "உன்ன மாதிரி யாரும் இதைச் சொல்லிக் குடுக்கல" என்று மெச்சினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை.

ஓய்வு பெற்றபின் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கீழ்பென்னாத்தூர் பஸ் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதில் ஏறாமலேயே சில வருடங்கள் ஓட்டினேன். போன வருடம் ரமணாசிரமம் பக்கம் உணவு விடுதி வைத்திருக்கும் ஒரு அம்மாள், மாடியில் இருக்கும் தன்னுடைய ஏசி காலையில் கிளம்ப மறுக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன். திரையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது: எண்ணெய் சூடாகும்வரை காத்திருக்கவும். ராத்திரி யாரோ மெயினை இறக்கியிருக்கிறார்கள். இப்போது வரும் பலகை அதைத் தானே கண்டுபிடித்து, எண்ணெய் சூடாகும் வரை கிளம்ப மாட்டேன் என்கிறது.

"ரிப்பேரா சார்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ரிப்பேர் இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு" என்றேன். யாரும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்ட ஒரு விஷயத்துக்காக ஒரு மனிதரைக் கவிழ்த்திருக்கிறேன். மறுநாள் பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "ஆபரேட்டர் வீடு" என்று இன்னும் சொல்கிறார்கள். வேலை போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தப் பெயர் மட்டும் நின்றிருக்கிறது. வாசலில் மணிலா காயவைத்திருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"சார்! வாங்க, வாங்க. ஏ சரோஜா, யார் வந்திருக்காங்க பாரு. மெட்ராஸ் சார்!"

அவர் தோளில் துண்டு இருந்தது. அதன் ஒரு முனையில் மூன்று நான்கு முடிச்சுகள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பாலுக்கு, இது மோட்டாருக்கு, இது மாத்திரைக்கு. நமக்குத்தான் மறதி ஜாஸ்தியாச்சே சார். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். "சாவி, காசு எதையும் கையில வெச்சிக்க மாட்டாருங்க. மறந்துடுவேன் மறந்துடுவேன்னு என்கிட்டயே குடுத்துடுவாரு. பொண்ணு கண்ணாலத்துக்கு நாலு பேருகிட்ட சொல்லிட்டு வாய்யான்னா, யாரையாச்சும் வுட்டுடுவேன், நீயும் வான்னு என்னையும் இழுத்துக்கினு போனாரு."

மோரை வைத்துவிட்டேன். வேலை போனதற்காக மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அவருடைய ஞாபகத்தையே நான் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்பது அந்த முடிச்சுகளைப் பார்த்த பிறகே விளங்கியது.

"ஏழுமலை, அன்னைக்கு மெயினைப் பத்தி நான் உங்ககிட்ட சொல்லவேயில்லை."

"எது சார்?"

"இறக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை. மறந்தது நான். சார்கிட்ட பொய் சொன்னேன். உங்களுக்கு மறதி எதுவும் கிடையாது. அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம திருப்பிச் சொன்னீங்க."

அன்று மாடியில் போலவே அவர் நெற்றியைச் சுருக்கி எங்கோ தேடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வடிகட்டி... செவப்பு வெளக்கு... போனு யாருக்குப் பண்றது..." விரலை மடக்கி நிறுத்தினார். "அதோட முடிஞ்சிது. நான் எத்தினி ராத்திரி மனசுல ஓட்டிப் பார்த்திருக்கேன் தெரியுமா சார்? அதுக்கு மேல ஒண்ணும் வரல. வரலியே, வரலியேன்னு... மண்டையில ஓட்டை வுழுந்துடுச்சின்னு நெனச்சிக்கினேன்."

சரோஜா அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "படிச்சவங்கதானே நீங்க? நானும் சேர்ந்து இவர மறதிக்காரன் மறதிக்காரன்னு திட்டிக்கினு இருந்தனே. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு வெச்சிட்டீங்களே" என்றார். அன்று அவர் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. அதுதான் நியாயம்.

ஏழுமலை ரொம்ப நேரம் மணிலாவைத் துழாவிக்கொண்டிருந்தார். "பரவால்லன்னு சொல்லணும்னு வாய் வருது சார்" என்றார். "ஆனா இன்னிக்கு சொல்ல மாட்டேன். இருக்கட்டும்."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அந்தக் கடையில் வந்து இதைச் சொல்ல முடியுமா என்றார். பழைய முதலாளி காலமாகிவிட்டார், மகன் நடத்துகிறார். அடுத்த வாரம் இருவரும் போனோம். கல்லாவில் இருந்த மகனிடம், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அப்போது பள்ளிக்கூட வயது. ஒன்றும் நினைவில்லை. "பழைய மெஷினெல்லாம் மாத்தியாச்சே சார்" என்றார் சங்கடத்தோடு. ஆனால் கல்லாவை ஒட்டி நின்ற, தலை நரைத்த விற்பனையாளர் ஒருவர், "அட, நம்ம ஆபரேட்டரு! நான் அப்பவே சொன்னேன், இவரு மறக்குற ஆளு இல்லன்னு" என்றார். அவர் அப்போது அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். ஏழுமலைக்கு அது போதுமாயிருந்தது. நான் உண்மையைச் சொன்ன பிறகு முதல் முறையாகச் சிரித்தார்.

மாடிக்குப் போக அனுமதி வாங்கினோம். புதுப் பெட்டிகள். வெயிலில் மலை முழுசாகத் தெரிந்தது. ஓடாமல் நின்றிருந்த பெட்டி ஒன்றின் கதவைக் கடையின் எலக்ட்ரீஷியன் திறந்து காட்டினார். நான் கேட்காமலேயே ஏழுமலை குனிந்து, கம்ப்ரசரின் அடியில் புறங்கையை வைத்தார். பலராமன் சாரை அவர் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறார். கை அப்படியே சாருடைய கை.

"சூடா கீது" என்றார்.

இறங்கும்போது மெயின் சுவிட்சுகள் இருந்த பலகை அருகே நின்றார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "தம்பி, ராத்திரி இத எறக்காத. மேல எண்ணெ ஆறிடும்."

"எறக்குனா அதுவே லேட்டா ஸ்டார்ட் ஆவும்ணா. ஒண்ணும் கெடாது."

"கெடாட்டி போவுது. எறக்காதன்னு சொல்றேன், அவ்ளோதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். தோளில் துண்டு இருந்தது. முடிச்சுகளும் அப்படியே இருந்தன. பழகிவிட்டதாம், அவிழ்த்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம்.

"சார், நான் இவருகிட்ட சொல்லிட்டேன். நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்" என்றேன்.

"பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் படியிறங்கினார்.